ராமநாதபுரத்தில் ராம் எவ்வளவு?

"ராம் எவ்வளவு சார்?"

1999-ல் மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஒரு பையன் என்னைப் பார்த்து இப்படிக் கேட்டபோது எனக்குப் பகீரென்றது. நான் ராம்நாட்டுக்காரன் என்பது இவனுக்கு எப்படித் தெரிந்தது? ராமநாதபுரத்துக்கு பஸ் சார்ஜ் கேட்கிறானா? இல்லை, ராமேஸ்வரத்துக்கு ஏதாவது வேண்டுதலா?

"எந்த ராம் தம்பி?" என்றேன்.

"மெமரி சார், மெமரி! பதினாறு போடவா, முப்பத்திரண்டு போடவா?"

"பெரிசாவே போடுங்க" என்றேன், ஹோட்டலில் ஸ்பெஷல் தோசை ஆர்டர் கொடுக்கும் தோரணையில்.

அடியேன் ஒரு கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன். '2000 பிறக்கப் போகிறது, கம்ப்யூட்டர் தெரியாத பிள்ளைகளுக்கு இனி கல்யாணம்கூட ஆகாது' என்று ஊரே பயமுறுத்திக்கொண்டிருந்த நேரம். மகன் ஆறாம் வகுப்பு. பி.எஃப்.பில் லோன் போட்டு, 34,500 ரூபாயை இடுப்பில் கட்டிக்கொண்டு மதுரைக்குப் போயிருந்தேன். என்ன வாங்குகிறோம் என்பது கடைசி வரை எனக்குத் தெரியாது. 'சீப்பா முடிங்க' என்று சொல்ல மட்டும் தெரியும்.

பில்லைப் பார்த்து அப்பா கேட்டார்: "என்னடா இது, முப்பத்திரண்டு ராம்னு போட்டிருக்கான்? ராமேஸ்வரம் கோயில்லயே தீர்த்தம் இருபத்திரண்டுதான்!"

கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஸ்விட்சைப் போட்டோம். கறுப்புத் திரையில் வெள்ளை எண்கள் ஆட்டோ மீட்டர் மாதிரி ஓடின. ஓடி ஓடி 24576-ல் வந்து நின்றுவிட்டன. எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. வட்டிக்கு வட்டி போட்டே பழகிய புத்தி ஆயிற்றே! ஒரு எம்.பி. என்றால் 1,024 கே.பி. என்று பையன் சொல்லியிருந்தான். முப்பத்திரண்டுக்கு 32,768 வர வேண்டும். பேப்பரை எடுத்துக் கழித்துப் பார்த்தேன். 8,192 குறைகிறது. அதாவது எட்டு எம்.பி. அதாவது கால்வாசி ராமைக் காணோம்!

ராவணன்கூட சீதையைத்தான் தூக்கினான். இவன் ராமையே தூக்கிவிட்டானே!

மறுநாள் காலை சி.பி.யூ. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் உட்கார்ந்தேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். கடையில் போய் நான் கத்திய கத்தலில் நாலு கஸ்டமர்கள் எழுந்து போய்விட்டார்கள். முதலாளி நிதானமாகச் சொன்னார்:

"சார், திரையில படம் காட்ட தனியா வீடியோ கார்டு போட்டா ரெண்டாயிரத்துச் சொச்சம் கூட ஆகும். நீங்கதான் சீப்பா முடிக்கச் சொன்னீங்க. போர்டோடயே இருக்கற வீடியோவுக்குத் தனி மெமரி கிடையாது. அது உங்க ராம்லேருந்து எட்டு எம்.பி. எடுத்துக்கும். திருட்டு இல்ல சார், பங்கு!"

வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துக் குடிபோன பிறகு, ஒரு ரூமை மட்டும் வீட்டுக்காரர் பூட்டிச் சாவியை வைத்துக்கொண்ட கதை. பொய் என்று சொல்ல முடியாது. முன்கூட்டியே சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் விலை குறைந்த கம்ப்யூட்டர்கள் எல்லாம் இதே ரகம்தான். பெட்டியில் 8 ஜி.பி. என்று போட்டிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் 'உபயோகத்துக்கு ஏழு சொச்சம்' என்று இருக்கும். சிலவற்றில் ஆறு சொச்சம்கூட இருக்காது. பங்காளி இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை.

ஹார்ட் டிஸ்க்கிலும் இப்படி ஒரு கணக்கு உண்டு. அதைச் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதனால்தான் 500 ஜி.பி. என்று வாங்கி வந்தது திரையில் 465 என்று தெரியும். கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். நான் போய்த் திரும்பியவன் என்பதால் சொல்கிறேன்.

அந்த மதுரைப் பயணத்துக்குப் பிறகு நான் தெருவில் கம்ப்யூட்டர் நிபுணன் ஆகிவிட்டேன். ஒருமுறை ஏமாந்தவனுக்கு நம் ஊரில் கிடைக்கும் பட்டம் அது. யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் மாப்பிள்ளை பார்க்க அழைத்துப் போவதுபோல் என்னை அழைத்துப் போவார்கள். போகும்போது காபி, வரும்போது டிபன். நானும் பெட்டியைத் தட்டிப் பார்ப்பேன், ஃபேன் சத்தத்தைக் கேட்பேன், 'ம்ம்ம்' என்பேன். தேங்காய் வாங்கும்போதும் அதையேதான் செய்வேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

2005-ல் 'பத்தாயிரம் ரூபாய்க்குள் கம்ப்யூட்டர்' என்ற பேச்சு பெரிதாக அடிபட்டது. மத்திய அமைச்சராக இருந்த தயாநிதி மாறன் இதை வலியுறுத்திப் பேசினார். எச்.சி.எல். கம்பெனி 9,990 ரூபாய்க்கு ஒன்றைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய ஷிவ் நாடார் தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழிக்காரர் என்பதால் எங்கள் கடற்கரைப் பக்கம் அதற்குத் தனி மரியாதை. அதில் மெமரி 128 எம்.பி., ஹார்ட் டிஸ்க் 40 ஜி.பி. விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்.

அப்போதுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. விலைக்குள் ஒரு பொருளை அடக்க வேண்டுமென்றால் எதையாவது விட்டாக வேண்டும். விண்டோஸை விட்டால் லைசென்ஸ் காசு மிச்சம். மெமரியை அளவோடு போட்டால் இன்னும் கொஞ்சம் மிச்சம். அதில் தப்பே இல்லை. லெட்டர் அடிக்க, கணக்குப் போட, பிள்ளைகள் பழக, அது தாராளமாகப் போதும். ஆனால் வாங்கிய கையோடு நம்மவர்கள் என்ன செய்வார்கள்? எங்கிருந்தோ ஒரு விண்டோஸ் எக்ஸ்.பி. சி.டி.யைக் கொண்டுவந்து போடுவார்கள். அதன் தலைமேல் ஒரு ஆன்ட்டி வைரஸ். அப்புறம் பாட்டு, படம், கேம்ஸ். எக்ஸ்.பி.க்கு மைக்ரோசாப்ட் சொன்ன குறைந்தபட்சம் 64, சிபாரிசு 128. சிபாரிசு மட்டும்தான் இருக்கிறது, மற்றதுக்கெல்லாம் இடம் எங்கே? 'பத்தாயிரம் ரூபாய் கம்ப்யூட்டர் அப்படித்தான் இருக்கும்' என்று பெட்டியைத் திட்டுவார்கள்.

இந்தக் 'குறைந்தபட்சம்' என்ற வார்த்தை இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு புராணமே எழுதலாம். விண்டோஸ் 95 வந்தபோது குறைந்தபட்சம் 4 எம்.பி. 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. இருபத்தாறு வருஷத்தில் சரியாக 1,024 மடங்கு! தங்கம்கூட இப்படி ஏறவில்லை. அந்தக் குறைந்தபட்சத்துக்கு என்ன அர்த்தம்? பஸ்ஸில் புட்போர்டில் ஒரு கால் வைக்க இடம் இருக்கிறது என்று அர்த்தம். உட்கார்ந்து போகலாம் என்று அர்த்தமல்ல.

இவ்வளவு ஞானம் உள்ள நான் 2019-ல் ஒரு காரியம் செய்தேன். இந்தக் கட்டுரையே அதைச் சொல்லத்தான்.

எங்கள் வீட்டுக்குப் பாம்பனிலிருந்து ஒரு மீன்காரம்மா வருவார். கூடையோடு காலையில் வந்தால் தெருவில் முதல் போணி என் மனைவிதான். கூடையில் நகரையோ விளமீனோ எது இருந்தாலும், விலையைச் சொல்வதற்கு முன் செவுளைத் தூக்கிக் காட்டுவார். "கண்ணால பாத்து வாங்குங்கக்கா. நான் சொல்றதைக் கேட்டு வாங்காதீங்க." புருஷன் கடலோடு போனவர். ஒரே மகள், பி.காம். முடித்திருந்தாள். வெளியூர் வேலைக்கு அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. பாம்பனிலேயே ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை போடலாம் என்று யோசனை.

"குழுவுல லோன் சொல்லியிருக்கேண்ணே. பொட்டி வாங்கறதுக்கு நீங்க கூட வந்து பாத்துக் குடுக்கணும். எங்களுக்கு இங்கிட்டும் தெரியாது, அங்கிட்டும் தெரியாது" என்றார்.

போனேன். அம்மா, மகள், நான். கடையில் ஒரே விலைக்கு, 26,000 ரூபாய்க்கு, இரண்டு கொட்டேஷன் கொடுத்தார்கள். முதலாவதில் 4 ஜி.பி. ராம், ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க். இரண்டாவதில் 8 ஜி.பி. ராம், 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பிராசஸர் இரண்டிலும் ஒன்றே.

ஒரு டி.பி. என்றால் ஆயிரம் ஜி.பி. ஆயிரத்துக்கும் இருநூற்று நாற்பதுக்கும் என்ன போட்டி? கூட்டுறவு சங்கத்துக் கணக்கன் உள்ளே முழித்துக்கொண்டான்.

"மாமா, எட்டு ஜி.பி. இருந்தா நல்லதுன்னு காலேஜ்ல சொன்னாங்க..." என்று மெதுவாக இழுத்தாள் அந்தப் பெண்.

"நாலு போதும்மா! விண்டோஸ் டென்னுக்குக் குறைந்தபட்சமே ரெண்டுதான். உனக்கு டபுளா இருக்கு. இடம்தான் முக்கியம். ஆயிரம் ஜி.பி.டா கண்ணு, ஆயுசுக்கும் நிரம்பாது!"

அவள் அதற்கு மேல் பேசவில்லை. மாமா சொன்னால் சரியாக இருக்கும். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். நூறு ரூபாய்த் தாள்கள் நிறைய இருந்தன. கடை முழுக்க மீன் வாசனை. கடைப் பையன் மூக்கைச் சுளித்ததைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. என் ஆலோசனையை நினைத்து மட்டும் பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் ஒன்றும் தெரியவில்லை. கூட்டம் வர ஆரம்பித்ததும் பெட்டி முனக ஆரம்பித்தது. ஒருவருக்கு ஸ்கேன், இன்னொருவருக்கு பாஸ்போர்ட் போட்டோ, நடுவில் பிரவுசரில் பத்து ஜன்னல். ஒவ்வொன்றுக்கும் வட்டம் சுற்றும். அந்தப் பெண் எனக்கு போன் செய்தாள். "வைரஸா இருக்கும், ஸ்கேன் பண்ணு" என்றேன் நிபுணன். அந்த ஸ்கேனும் சேர்ந்து சுற்றியது.

ஒருநாள் காலை மீன்காரம்மா வந்தார். கூடையை இறக்கினார். நிறுத்துப் போட்டார். காசை வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"நேத்து ராத்திரி ஒரு பையனுக்கு விண்ணப்பம் போயிச் சேரலண்ணே."

தங்கச்சிமடத்துப் பையன். படகில் போகிறவன். ஒரு அரசு வேலைக்கு அன்றுதான் கடைசித் தேதி. கடலிலிருந்து வந்து, குளித்துவிட்டு, சர்டிபிகேட்டையெல்லாம் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு ஒன்பதரைக்குக் கடைக்கு வந்திருக்கிறான். அவனுக்கு முன்னால் மூன்று பேர். அவன் முறை வரும்போது பதினொன்று. போட்டோ ஏற்றியாயிற்று. கையெழுத்து ஏற்றும்போது பெட்டி நின்றுவிட்டது. ஆஃப் செய்து ஆன் செய்தால், திரை முழுசாகத் தயாராக எட்டு நிமிஷம். மறுபடி முதலிலிருந்து. மறுபடி நின்றது. மூன்றாவது தடவை பக்கம் திறந்தபோது மணி பன்னிரண்டு தாண்டி ஏழு நிமிஷம்.

"அடுத்த வருஷம் போட்டுக்கலாம்ணே" என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்.

"அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிரும் தங்கச்சி" என்றானாம். சத்தம் போடவில்லை. ஐம்பது ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். வேண்டாமென்றும் கேட்கவில்லை.

"விடிய விடிய அழுதுட்டிருக்கு அந்தப் பிள்ள. ஒரு எட்டு வந்து என்ன கோளாறுன்னு பாத்துட்டுப் போங்கண்ணே" என்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அன்றைக்கே பாம்பனுக்குப் போனேன். கடையில் உட்கார்ந்து அவள் வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து வைத்து, டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். மெமரி 94 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த ஆயிரம் ஜி.பி.யில் நிரம்பியிருந்தது நாற்பதோ ஐம்பதோதான். மிச்சமெல்லாம் சும்மா கிடந்தது.

அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று திணறினேன். "ஹார்ட் டிஸ்க்ங்கறது சாமான் வைக்கிற இடம். ராம்ங்கறது வேலை செய்யற இடம். வேலை செய்யற இடம் பத்தலேன்னா..."

"புரியுதுண்ணே" என்றார். "ஐஸ் ரூம் பெருசா இருக்கு. மீனைக் கொட்டித் தரம் பிரிக்கிற தரை சின்னதா இருக்கு. தரையில எடம் இல்லாம பிரிச்சதைத் திருப்பி ஐஸ் ரூமுக்குத் தூக்கிட்டுப் போறான். திரும்ப அதையே தூக்கிட்டு வர்றான். ஆளு நாளெல்லாம் நடக்கிறான், மீன் பிரிஞ்சபாடில்ல. அதானே?"

அதேதான்! மெமரி போதாதபோது விண்டோஸ் செய்வது அச்சாக அதுதான். தற்சமயம் தேவைப்படாததை டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். தேவைப்பட்டால் திரும்ப எடுத்து வரும். நான் வாங்கிக் கொடுத்த ஹார்ட் டிஸ்க்கோ சுழலும் தட்டு. ஐஸ் ரூம் தெருக்கோடியில் இருக்கிற மாதிரி. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை. எல்லாம் சிப்தான். ஐஸ் ரூம் பக்கத்து அறையில் இருக்கிற மாதிரி. தரையும் சிறிசு, ஐஸ் ரூமும் தூரம் என்று பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தவன் நான்.

இருபது வருஷ நிபுணனுக்குப் புரியாதது அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது. தொழில் செய்கிறவர் அவர். நான் கணக்கு மட்டும் எழுதியவன். பெரிய எண்ணைப் பார்த்தேன், செய்யப்போகிற வேலையைப் பார்க்கவில்லை.

"மூடியைத் தெறந்து பாத்தீங்களாண்ணே? செவுளைப் பாக்காம எப்படி?" என்றார்.

திறந்தோம். ராம் செருக இரண்டு பள்ளம். ஒன்றில் 4 ஜி.பி. ஸ்டிக். மற்றது காலி. அதை யாராவது நிரப்ப வேண்டுமென்று அத்தனை மாதமாக வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தது. அதேபோல் இன்னொரு 4 ஜி.பி. ஸ்டிக் 1,900 ரூபாய். எஸ்.எஸ்.டி. 2,400 ரூபாய். ஆக 4,300 ரூபாய். ஒரே மாதிரி ஸ்டிக் இரண்டு போட்டால் இன்னொரு லாபமும் உண்டு. ஒற்றை லைனில் போய் வந்த சரக்கு இரட்டை லைனில் போய் வரும். போர்டோடு சேர்ந்த வீடியோவுக்கு அது ரொம்பவே உதவும். மாற்றிப் போட்டதும் பெட்டி இருபது வினாடியில் எழுந்து உட்கார்ந்தது. அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகத் தெரியவில்லை. 4,300 ரூபாய். ஒரு மாதம் முன்னால் செய்திருந்தால்...

பணத்தை நான்தான் கொடுத்தேன். கொடுக்க வேண்டியவனும் நான்தான். ஆனால் அடுத்த சில மாதம் மீன்காரம்மா எங்கள் வீட்டில் மீனுக்குக் காசு வாங்கவில்லை. நோட்டில் கணக்கு எழுதிக் கழித்துக்கொண்டே வந்தார். அந்த மீன் என் தொண்டையில் இறங்கியதா என்று கேட்காதீர்கள்.

தங்கச்சிமடத்துப் பையன் பிறகு அந்தக் கடைக்கு வரவில்லை. கடையில் மட்டும் ஒரு போர்டு வந்தது: 'கடைசித் தேதி வரை காத்திருக்காதீர்கள். முன்தினமே வாருங்கள்.' வருகிறவர்கள் அது ஊருக்குச் சொன்ன புத்தி என்று நினைப்பார்கள். அது யாருக்குச் சொன்னது என்று எங்கள் மூன்று பேருக்குத் தெரியும்.

அந்தக் கடையில் கற்றுக்கொண்ட இன்னொரு பாடமும் உண்டு. ஒருநாள் பெட்டி திரையே காட்டாமல் 'பீப்... பீப்...' என்று கதறியது. பாம்பன் காற்றில் உப்பு அப்படி. 1914-ல் திறந்த ரயில் பாலமே அரித்து அரித்து 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. பக்கத்திலேயே புதிதாகக் கட்டி 2025 ஏப்ரலில்தான் திறந்தார்கள். இரும்புப் பாலத்துக்கே அந்தக் கதியென்றால் ராம் ஸ்டிக் எம்மாத்திரம்? கரண்ட்டை நிறுத்தி, ஸ்டிக்கைக் கழற்றி, அடியில் தங்க நிறத்தில் இருக்கும் பட்டைகளைப் பள்ளிக்கூடத்துப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு மறுபடி செருகினேன். ஓடியது! இரண்டு ரூபாய் வைத்தியம். கடலோரத்தில் இருப்பவர்கள் கம்ப்யூட்டரோடு ஒரு ரப்பரும் வாங்கிக்கொள்வது உத்தமம்.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்தியது. அதையொட்டி எங்கள் பக்கமும் பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர்களைத் துடைத்து விற்கிறவர்கள் கிளம்பினார்கள். 'ஐ-ஃபைவ்! 16 ஜி.பி.! 9,999 மட்டுமே!' அந்தப் பெண் கடைக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்க வேண்டியிருந்தது. "மாமா, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டாள். பழைய கதையெல்லாம் தெரிந்தும் கூப்பிட்டாளே என்று எனக்குக் கண் கலங்கியது. போன பிறகுதான் தெரிந்தது, பெட்டி தூக்க ஆள் வேண்டுமென்று!

கடையில் அவள்தான் பேசினாள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"ஐ-ஃபைவ் சரிண்ணே, அதுக்குப் பின்னாடி என்ன நம்பர்?"

நாலாயிரத்துச் சொச்சம் என்றார் கடைக்காரர். அப்படியென்றால் நாலாவது தலைமுறை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாவது தலைமுறையிலிருந்துதான் மைக்ரோசாப்ட் அனுமதி. பெயர் ஐ-ஃபைவ்தான். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் வைப்பதில்லையா, அப்படி.

"ராம் டி.டி.ஆர். மூணா, நாலா? எத்தனை பள்ளம்? எத்தனை காலி? அதிகபட்சம் எவ்வளவு போடலாம்? போர்டோட சேத்து ஒட்டினதா, கழற்ற முடியுமா?"

கடைக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். டி.டி.ஆர். மூன்றாம். பதினாறு ஜி.பி. உண்மைதான். ஆனால் நான்காம் வகைப் போர்டில் அந்த ஸ்டிக் செருகவே செருகாது. நாளைக்கு வேறு பெட்டிக்கு மாற்ற முடியாது. எண்ணைப் பார்த்தால் பதினாறு. செவுளைத் தூக்கினால் நேற்றைய மீன்.

புதுசு கேட்டோம். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கிடுகிடுவென்று ஏறிவிட்டது. உலகத்தில் மெமரி சிப் செய்கிற பெரிய கம்பெனிகள் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்றுதான். ஏ.ஐ.க்காகக் கட்டும் பிரம்மாண்டமான டேட்டா சென்டர்கள் நல்ல விலை கொடுத்துச் சரக்கை அள்ளிக்கொண்டு போகின்றன. சில்லறையில் விற்றுவந்த தன் 'குரூஷியல்' பிராண்டையே விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. இதை நான் மூச்சு வாங்க விளக்கியதும் மீன்காரம்மா சொன்னார்:

"இதுல என்னண்ணே அதிசயம்? நல்ல நண்டையும் எறாலையும் ஏத்துமதிக் கம்பெனிக்காரன் மொத்தமா எடுத்துட்டுப் போனா உள்ளூர்ல வெல ஏறத்தானே செய்யும்!"

அந்தப் பெண் கடைசியில் என்ன வாங்கினாள் தெரியுமா? விண்டோஸ் 11 ஓடக்கூடிய பிராசஸர், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 8 ஜி.பி. ராம். அந்த எட்டும் ஒரே ஸ்டிக்காக. ஏன் இரண்டு நாலாகப் போடவில்லை என்று கேட்டேன். இரட்டை லைன் கிடைக்குமே!

"ரெண்டு பள்ளமும் நெறஞ்சிரும் மாமா. நாளைக்குக் கூட்டணும்னா ரெண்டையும் கழற்றிப் போடணும். ஒண்ணு காலியா இருக்கட்டும். வெல எறங்கறப்போ இன்னொரு எட்டு போட்டுக்கலாம்."

பில்லில் ராமின் பிராண்ட், வேகம், வாரண்ட்டி எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள். மூடியைத் திறக்கச் சொல்லி, காலிப் பள்ளத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பெட்டியைப் போட்டு, எவ்வளவு மெமரி உபயோகத்துக்கு என்று திரையில் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணினாள். எனக்கு 24576 ஞாபகம் வந்தது. அன்றைக்கு மதுரைக் கடையிலேயே நானும் ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் லக்கேஜ் டிக்கெட்டாவது மிஞ்சியிருக்கும்!

மறுநாள் காலை மீன்காரம்மா வந்தார். "பொட்டி தூக்குனதுக்குக் கூலி" என்று ஒரு பெரிய விளமீனை எடுத்து வைத்தார்.

நான் பழக்கதோஷத்தில் குனிந்து அதன் செவுளைத் தூக்கினேன்.

"நம்பிக்கை இல்லையாண்ணே?" என்று சிரித்தார்.

"உங்க மேல இருக்கும்மா. என் மேலதான் இல்ல" என்றேன்.

நல்ல சிவப்பு.